புரட்டாசியில் ஃபிளை தூண்டில்: கண்மாயா, நீலகிரியா, தீர்த்தனா, டெலவேரா?

காலாண்டு விடுமுறை நெருங்கினால் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து ஒரே மாதிரிக் கேள்வி வருகிறது. ஃபிளை ஃபிஷிங் கம்பு ஒன்று வீட்டில் இருக்கிறது. சிலர் வாங்கியிருக்கிறார்கள், சிலருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆயுத பூஜையை ஒட்டி நான்கைந்து நாள் கிடைக்கிறது. எங்கே போவது? ஊட்டிக்கா, இமாசலத்தின் தீர்த்தன் ஆற்றுக்கா? மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள், செப்டம்பரில் அங்கே போகப் போகிறோம், அங்கேயே டெலவேர் ஆற்றில் பார்த்துக்கொள்ளலாமா? இல்லை, ஊர்க் கண்மாயிலேயே வீசிப் பார்க்கலாமா?

இந்த நான்கையும் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரையிலான பருவத்துக்கு மட்டும் எடைபோட்டுப் பார்க்கிறேன். மாசி, பங்குனிக்கு இதே கேள்விக்குப் பதில் வேறு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பருவத்தில் இடத்தை முடிவு செய்ய வேண்டியது பூச்சி. பெயர்பெற்ற மலை, அழகான படம், நண்பர் சொன்ன கதை எல்லாம் அதற்கு அப்புறம்தான். நாம் வீசுவது இறகும் நூலும் கட்டிய ஒரு பொய்ப்பூச்சி. நிஜப்பூச்சி எங்கே, எந்த நேரத்தில், எந்த அளவில் நீரில் இருக்கிறதோ அங்கேதான் அதற்கு வேலை.

## எதை வைத்து எடைபோடுவது

நீர். டிரவுட் குளிர்நீர் மீன். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக மேயும். 20 டிகிரியைத் தாண்டினால் இரையெடுப்பது குறைந்துவிடும். அந்த வெப்பத்தில் பிடித்துத் திரும்ப விட்டாலும் மீன் பிழைக்காமல் போகலாம். காரணம் ஆக்சிஜன். கடல்மட்டத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும், 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். வெப்பத்தோடு தெளிவையும் பார்க்க வேண்டும். கலங்கல் நீரில் 18 எண் முள்ளில் (எண் கூடக் கூட முள் சிறிது) கட்டிய பொய்ப்பூச்சி மீனின் கண்ணில் படாது.

பூச்சி. மேஃபிளை, கேடிஸ், ஸ்டோன்ஃபிளை மூன்றும் ஆற்று டிரவுட்டின் அன்றாட உணவு. இவற்றின் குஞ்சுகள் மாதக்கணக்கில் கல்லிடுக்கில் இருக்கும். பிறகு ஒரு பொழுதில் கூட்டமாக வெளிவந்து இறக்கை விரிக்கும். மழை பெய்த மறுநாள் புற்றிலிருந்து ஈசல் கிளம்புவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அங்கே புற்றுக்குப் பதில் ஆற்றின் அடித்தளம், அவ்வளவுதான். கிளம்பும் அந்தச் சில மணி நேரம்தான் டிரவுட் மேல்மட்டத்துக்கு வந்து வாய் திறக்கும்.

இலையுதிர் காலத் தொடக்கத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேட்டிஸ் இன மேஃபிளைக்கு வருடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறை வரும். குளிர்நீரில் மெதுவாக வளர்ந்து வசந்தத்தில் வெளிவரும் தலைமுறை பெரிதாக இருக்கும். கோடை வெப்பத்தில் அவசரமாக வளர்ந்து இலையுதிரில் வெளிவருவது சிறியது. ஏப்ரலில் 14, 16 எண் முள் எடுத்த மீன், அக்டோபரில் 18, 20 கேட்பது இதனால்தான். பொய்ப்பூச்சிப் பெட்டியை நிரப்புகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

அனுமதி. யாருடைய நீர், யாரிடம் கேட்க வேண்டும், எந்தத் தேதி வரை.

கண்ணில் படாத செலவு. டிக்கெட்டும் தங்குமிடமும் எல்லோர் கணக்கிலும் வந்துவிடும். வராதவற்றைத்தான் ஒவ்வோர் இடத்திலும் சொல்கிறேன்.

லைன், அதாவது தூண்டில் கயிறு, நீரில் இருக்கும் நேரம். ஐந்து நாள் பயணத்தில் ஆற்றுக்குள் நிற்பது எத்தனை மணி நேரம்? புதிதாகக் கற்கிறவருக்கு இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

## 1. ஊர்க் கண்மாய்

இங்கே டிரவுட் கிடையாது, இருக்கவும் முடியாது. புரட்டாசிக் கண்மாய் நீர் 30 டிகிரியை ஒட்டி நிற்கும். ஆனால் ஃபிளை தூண்டில் என்பது டிரவுட்டுக்கு மட்டும் உரியதல்ல. மேல்மட்டத்தில் பூச்சி எடுக்கும் எந்த மீனுக்கும் வீசலாம். நம் கண்மாய்களில் வெளிச்சி அப்படிப்பட்ட மீன். சிறு கெண்டையும் ஜிலேபியும் சின்ன முள்ளை எடுக்கும். குறவையும் விராலும் தவளைக்கும் தட்டானுக்கும் பாய்கிற மாதிரி, ஃபோமில் கட்டிய பெரிய பொய்ப்பூச்சிக்கும் பாயும்.

நீர் நிலவரம் வருடத்துக்கு வருடம் மாறும். கோடை முழுவதும் வற்றி, வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கும் நேரம் இது. பல கண்மாய்களில் மடையை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் நீர் கிடக்கும், சில வருடம் அதுவும் இருக்காது. புரட்டாசி மாலைகளில் இடியோடு பெய்யும் மழைதான் இந்தப் பருவத்தின் கொடை. பருவமழை இயல்பாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். வரத்துக்கால் வழியே செம்மண் நீர் இறங்கிவிட்டால் அது தெளியும் வரை கம்பை மூலையில் சாய்த்து வைக்க வேண்டியதுதான். ஆகவே கண்மாய்க்கான காலம், முதல் இடிமழைக்கும் பெருவரத்துக்கும் நடுவில் உள்ள சில வாரம்.

அந்த வாரங்களில் பூச்சிக்குப் பஞ்சமே இல்லை. 'அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அச்சாரம்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். மழைக்கு மட்டுமல்ல, மீனுக்கும் அது அச்சாரம். புற்றிலிருந்து எழும்பும் ஈசல் வெகுதூரம் பறக்காது. காற்று கண்மாய்ப் பக்கம் அடித்தால் கரையோர நீரில் வந்து விழும், விழுந்ததை வெளிச்சி கூட்டமாக வந்து பொறுக்கும். பழுப்பு ஃபோம் உடலும் வெள்ளை இறகும் வைத்து 12 அல்லது 14 எண் முள்ளில் கட்டிய ஒன்று போதும். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அதற்கு எதிர்க்கரையில் நில்லுங்கள், விழுந்த ஈசல் அங்கேதான் ஒதுங்கும். ஈசல் இல்லாத மாலையிலும் நீர்ப்பரப்புக்கு மேல் தூண் மாதிரி சுழலும் கடிக்காத கொசுக்கூட்டம் இருக்கும். அதன் செந்நிறக் குஞ்சுகள் கண்மாய்ச் சேற்றில் வளர்பவை. 16 எண்ணில் சிவப்பு நூல் சுற்றிய முள் ஒன்றைக் கரையோரம் மெதுவாக இழுத்தால் ஜிலேபி எடுக்கும். 'தும்பி பறந்தால் தூரத்தில் மழை' என்பதும் நம் ஊர்ச் சொல்தான். இந்த மாதங்களில் கூட்டமாகப் பறக்கும் தட்டான்களில் ஒரு வகை, இந்தியப் பெருங்கடலைக் கடக்கும் வழியில் அக்டோபரில் மாலத்தீவை அடைகிறது. புறப்படும் முன் நம் கண்மாய்களில் முட்டையிட்டுப் போகும்போது விரால் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். கண்மாய் மீன் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரிடமும் ஊரிலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். பிடித்ததைத் திரும்ப விடப் போகிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. ஊருணியிலும் கோயில் தெப்பக்குளத்திலும் தூண்டில் போடவே கூடாது. ஊருணி குடிநீருக்கென்று ஊர் காத்துவரும் நீர். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக் கண்மாய்களும் அப்படித்தான். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிக்காத ஊர் அது. அங்கே கம்போடு போய் நிற்பது முறையல்ல.

கண்ணில் படாத செலவு என்றால் சீமைக்கருவேலம்தான். வீசுவதற்கு லைன் முதலில் நமக்குப் பின்னால் 30, 40 அடி விரிய வேண்டும். கரை முழுக்க முள்மரம் நிற்கும்போது பொய்ப்பூச்சிகள் ஒவ்வொன்றாக மரத்துக்குப் போகும். பின்பக்கம் விரியாமல் நீர்மேல் சுருட்டி எறியும் ரோல் காஸ்ட் என்ற வீச்சை ஊர்ப் பொட்டலிலேயே பழகிக்கொண்டு போனால் பிழைத்தீர்கள். அடுத்தது லைன். டிரவுட்டுக்கென்று விற்கும் குளிர்நீர் லைன் நம் வெயிலில் இளகி ஒட்டும், வளையங்களில் சரியாக ஓடாது. வெப்ப நாட்டு லைன் தனியாக வாங்க வேண்டியிருக்கும். அந்தி சாய்ந்தபின் கரையில் பாம்பு உண்டு, டார்ச்சும் முழங்கால் வரை பூட்ஸும் கட்டாயம்.

விரால் பற்றி ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மேல் கொப்பளிக்கிற மாதிரி தெரிந்தால், கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன என்று பொருள். குஞ்சைக் காக்க அவை எதன்மீதும் பாயும், அதனால் பிடிப்பது மிகச் சுலபம். அங்கே வீசாதீர்கள். பெரியது ஒன்று போனால் அந்தக் கூட்டமே மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

"புரட்டாசியில் என்னப்பா மீன் பிடி?" என்று வீட்டில் ஆச்சி கேட்டால், அதற்கும் நேர்மையான பதில் இருக்கிறது. முள்நுனியை ஒட்டிப் பின்னோக்கி நிற்கும் சிறு கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டு, கையை நனைத்துப் பிடித்து, நீருக்குள்ளேயே விடுவித்துவிடலாம். வீட்டுக்குக் கவுச்சி வராது.

## 2. நீலகிரி

தமிழ்நாட்டில் டிரவுட் என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நீலகிரி. வரலாறும் பெரியது. 1863இலேயே மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே அங்கே டிரவுட்டைக் குடியேற்ற முயன்றார், பலிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச்.சி. வில்சன் அந்த வேலையை மறுபடி எடுத்தார். 1907இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் வந்தது. காலப்போக்கில் நிலைத்தது ரெயின்போ டிரவுட். அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, முக்கூர்த்தி என்ற பெயர்கள் அப்படித்தான் தூண்டில்காரர்கள் மத்தியில் பரவின.

ஆனால் புரட்டாசிக்கு? நான் தயங்குகிறேன்.

அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும் இடம். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. செப்டம்பர் முடிய ஓடைகள் வேகம் குறையாமல் இருக்கலாம். அது தணியும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவில் தொடங்கி, மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவு என்று செய்தி வரும். இரண்டு மழைக்கும் நடுவில் நல்ல நாட்கள் இருக்கின்றன. ஆனால் விடுமுறைத் தேதியை முன்கூட்டியே குறிக்கிறவருக்கு அவை கிடைப்பது உறுதியில்லை. அவலாஞ்சியும் எமரால்டும் குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகள். அங்கே நீர்மட்டத்தை முடிவு செய்வது மின்தேவையும்தான். அணைநீரில் ஆற்றைப் போல நேரம் வைத்துப் பூச்சி கிளம்பாது. தட்டான் குஞ்சு மாதிரி கட்டிய பெரிய முள்ளை ஆழத்தில் மெல்ல இழுக்கும் வேலைதான் அதிகம். நீர்மேல் விழும் பூச்சியை டிரவுட் எடுப்பதைப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு அது ஏமாற்றமாக இருக்கும்.

அனுமதிதான் பெரிய முடிச்சு. முக்கூர்த்தி தேசியப் பூங்கா. உள்ளே நுழையவே வனத்துறை அனுமதி தேவை. மேல்பவானியும் காட்டுக்குள் இருக்கிறது. 2024 மே முதல் நீலகிரிக்கு வெளி வாகனங்கள் வர இ-பாஸும் எடுக்க வேண்டியிருக்கிறது. மீன்வளத் துறையின் அனுமதியும் வனத்துறையின் அனுமதியும் தேதியோடு கையில் இருக்கும் வரை அறை பதிவு செய்யாதீர்கள். கண்ணில் படாத செலவு இங்கே பணமாக வராது, நாளாக வரும். ஊட்டி போய்ச் சேர்ந்தபின் அலுவலகம் அலுவலகமாக அலைந்து, விடுமுறை நாளில் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப நேரிடும். ஆயுத பூஜை வாரத்தில் ஊட்டிக் கூட்டத்தையும் அறை வாடகையையும் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றும் எனக்கு முக்கியம். சோலைக்காட்டு ஓடைகளுக்கு டிரவுட் அந்நிய மீன். அந்த ஓடைகளின் பூச்சிகளும் தவளைகளும் அதைச் சந்திக்காமல் பரிணமித்தவை. டிரவுட்டைத் தேடி அங்கே கூட்டமாகப் போவதை ஊக்குவிக்க எனக்கு மனமில்லை. குடும்பத்தோடு எப்படியும் ஊட்டி போகிறவர், அனுமதி கைக்கு வந்தவர், கிடைத்தால் சரி என்ற மனநிலையில் கம்பைக் காரில் போட்டுக்கொள்ளலாம். தூண்டிலுக்காகவே போகிறவர் இந்தப் பருவத்தில் வேறு இடம் பார்ப்பது நல்லது.

மூணாறு பற்றியும் கேட்கிறார்கள். அங்கேயும் ரெயின்போ டிரவுட் உண்டு, போடி வழியாகப் போனால் நமக்கு ஊட்டியைவிடப் பக்கம். நீர் பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் உள்ளே இருப்பதால் அனுமதிச் சிக்கல் அங்கேயும் இதேதான், மழையும் அப்படியே.

## 3. தீர்த்தன், இமாசலப் பிரதேசம்

செலவு செய்து ஒரே ஒரு பயணம்தான் போக முடியும் என்பவருக்கு இந்தப் பருவத்தில் நான் சொல்வது தீர்த்தன்.

குலு மாவட்டத்தில், 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பெரிய இமாலய தேசியப் பூங்காவிலிருந்து இறங்கி வரும் ஆறு இது. குஷைனி, நாகினி, பஞ்சார் வழியாக வந்து லார்ஜியில் பியாஸோடு கலக்கிறது. சுற்றியுள்ள ஆறுகளில் நீர்மின் திட்டங்கள் வந்தபோதும், உள்ளூர் மக்கள் விடாப்பிடியாக நின்றதால் தீர்த்தன் அணையில்லாமல் தப்பியது. 1909 வாக்கில் ஹோவெல் என்ற அதிகாரி குலுவில் கொண்டுவந்து விட்ட பிரவுன் டிரவுட்டின் வழித்தோன்றல்கள் இன்று அங்கே தாமாகவே பெருகி வாழ்கின்றன. அதுவும் அந்நிய மீன்தான். ஆனால் இங்கே அரசே அதை வளர்க்கிறது, விதி வகுத்துத் தூண்டிலுக்கு அனுமதி தருகிறது, பள்ளத்தாக்கில் பல குடும்பங்களின் வருமானம் அதை ஒட்டி இருக்கிறது.

இனி காலம். ஜூலை, ஆகஸ்டில் மழையும் பனி உருகும் நீரும் சேர்ந்து ஆறு சாம்பல் நிறத்தில் ஓடும், வீசுவதில் பொருளில்லை. செப்டம்பர் மூன்றாம் வாரம் வாக்கில் பருவமழை விலகத் தொடங்கும். மேலே இரவுக் குளிர் கூடும்போது பனி உருகுவதும் குறையும். நாளுக்கு நாள் நீர் இறங்கித் தெளியும். அக்டோபர் முதல் வாரத்தில் இடுப்பளவு நீரிலும் அடியில் உள்ள கல்லை எண்ணலாம். தெளிவு நமக்கு உதவுகிற அளவுக்கு மீனுக்கும் உதவும். நம் நிழலைப் பார்த்தாலே ஓடிவிடும். அதனால் கீழிருந்து மேல்நோக்கி நடக்க வேண்டும், முட்டி போட்டு வீச வேண்டும், பளிச்சென்ற சட்டையை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும்.

பூச்சியைப் பொறுத்தவரை ஆற்றில் இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, வேகமான நீரிலிருந்து ஒரு கல்லைப் புரட்டிப் பார்ப்பது. மூன்று வால் வைத்த மெலிந்த பழுப்புக் குஞ்சு நீந்தி நழுவினால் அது பேட்டிஸ். தட்டையாகக் கல்லோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் ஊர்ந்தால் அதன் உறவுக்காரி, வேகநீர் மேஃபிளை. மணலும் குச்சியும் ஒட்டிக் கூடு கட்டியிருந்தால் கேடிஸ். இரண்டு வால், கனமான உடல் என்றால் ஸ்டோன்ஃபிளை. எது அதிகம் இருக்கிறதோ அதைப் பெட்டியிலிருந்து எடுங்கள்.

காலை 7 மணிக்கே ஆற்றில் நிற்க வேண்டியதில்லை. பள்ளத்தாக்கு ஆழமானது, வெயில் நீரைத் தொட 9, 10 மணி ஆகும். அதுவரை குஞ்சு மாதிரிக் கட்டிய ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர் வகைகளைக் கனம் சேர்த்து அடியில் உருட்டலாம். 11 மணியிலிருந்து 3 மணி வரைதான் பொழுது. பேட்டிஸுக்கு மேகமூட்டமான நாள் விசேஷம். ஈரக் குளிரில் இறக்கை காய நேரமாகும். அதனால் பூச்சி நீர்மேல் அதிக நேரம் மிதக்கும், டிரவுட்டுக்கும் அவசரம் இருக்காது. வெயில் நாளில் அதே பூச்சி சட்டென்று பறந்துவிடும். ஆகவே மூடம் போட்ட நாளைப் பார்த்து முகம் சுளித்து ஓட்டலில் உட்கார்ந்துவிடாதீர்கள், நீங்கள் காத்திருந்த நாள் அதுதான். மாலை வெயில் சாய்ந்ததும் கேடிஸ் நீர்மேல் தாழப் பறந்து முட்டையிடும். 14, 16 எண்ணில் மான்முடி கேடிஸை நீரோட்டத்தின் ஓரத்தில் மிதக்கவிட்டால், இருட்டும் வரை கை ஓயாது.

பகல் வெயிலில் புல்மேட்டை ஒட்டிய பகுதிகளில் வெட்டுக்கிளியும் எறும்பும் நீரில் விழும். மேஃபிளை இல்லாத நேரத்தில் 12 எண் வெட்டுக்கிளி ஒன்றைக் கரையோர நிழலில் போட்டுப் பாருங்கள்.

அனுமதி எளிது. இமாசல மீன்வளத் துறை தரும் நாள் உரிமம் போதும், பயணச் செலவோடு பார்த்தால் அதன் கட்டணம் பெரிதல்ல. தேசியப் பூங்காவுக்குள் வேறு விதி, அதைத் தங்குமிடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தேதிதான் முக்கியம். நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய டிரவுட் பிடிக்கத் தடை. பிரவுன் டிரவுட் முட்டையிடும் காலம் அது. அக்டோபர் பின்பாதியிலேயே மீன்கள் மேல்நோக்கி நகரத் தொடங்கலாம். ஆழமில்லாத சரளைப் பகுதியில் கழுவி விட்டாற்போலத் தட்டு வடிவில் வெளுத்த இடம் தெரிந்தால் அது முட்டை இட்ட இடம். அதை மிதிக்காமல் சுற்றிப் போக வேண்டும்.

கண்ணில் படாத செலவுகளைப் பட்டியலிட்டால் நீளும். மதுரை அல்லது திருச்சி விமான நிலையம் காரைக்குடியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து மணாலி பேருந்தில் ஒரு முழு இரவு, ஔட் சுரங்கப்பாதைக்கு முன் இறங்கி டாக்ஸி. போக இரண்டு நாள், வர இரண்டு நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள் விடுப்பில் ஆற்றில் நிற்பது ஒரு நாள்தான், ஏழெட்டு நாள் இருந்தால் மட்டும் கிளம்புங்கள். ஆளுக்கு 30,000 ரூபாய்க்குக் குறையாது. கற்கள் வழுக்கும், அடியில் ஃபெல்ட் ஒட்டிய பூட்ஸ் இல்லாமல் நடுநீரில் இறங்கக் கூடாது. 2023 ஜூலையில் குலுவில் வந்த பெருவெள்ளம் சாலைகளை அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும். மழை விலகியதை உறுதி செய்துகொண்டு, திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போட்டுக்கொள்வது பாதுகாப்பு.

சாப்பாட்டில் ஒரு வசதி. தங்குமிடங்களில் ராஜ்மா, சோறு, காய்கறி எங்கும் கிடைக்கும். புரட்டாசி விரதத்துக்குக் குறை வராது.

## 4. டெலவேர், அமெரிக்கா

இது மகன், மகள் வீட்டுக்கு எப்படியும் போகிறவர்களுக்கு மட்டும். தூண்டிலுக்காக விசா எடுக்கச் சொல்லவில்லை.

நியூஜெர்சியில் இருக்கிறவர்களுக்கு மூன்று மணி நேரக் கார் பயணத்துக்குள் டெலவேர் ஆற்றின் மேற்குக் கிளை இருக்கிறது. நியூயார்க் நகரக் குடிநீருக்காகக் கட்டிய கேனன்ஸ்வில் அணையின் அடிமட்டத்திலிருந்து நீர் திறப்பதால், செப்டம்பர் வெயிலிலும் அணைக்குக் கீழே ஆறு சில்லென்று ஓடும். மற்ற ஆறுகள் சூடேறிக் கிடக்கும்போதும் இங்கே டிரவுட் மேயும்.

பூச்சி வகையில் இந்த நான்கு இடங்களில் இதுவே பணக்கார நீர். காலையில் டிரைக்கோ, 20 முதல் 24 எண் முள்ளுக்கு ஈடான பொடிப்பூச்சி. காற்று சுமார் 20 டிகிரியைத் தொடும்போது இணைசேர்ந்து முடித்துக் கூட்டமாக நீரில் விழும். மூடமான மதியத்தில் நீல இறகு ஆலிவ், அதாவது பேட்டிஸ் குடும்பமும் அதன் உறவுகளும். மாலையில் ஐசோனிக்கியா, 12 எண் அளவில் கருஞ்சிவப்புப் பெரிய மேஃபிளை. இதன் குஞ்சு நன்றாக நீந்தி, கரையோரக் கல்லில் ஏறி வெளிவரும். அதனால் அதைக் கரையை நோக்கி இழுத்து வீச வேண்டும். செப்டம்பரின் வெப்பமான மதியங்களில் இறக்கை எறும்பு நீரில் கொட்டும் நாள் ஒன்று வாய்த்தால், நம் ஈசல் முள்ளே அங்கே வேலை செய்யும்.

அதே சமயம் மீன் படித்த மீன். வருடம் முழுக்கத் தூண்டிலைப் பார்த்துப் பழகியது. 12 அடி லீடர் (லைன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பு), அதன் முனையில் 6எக்ஸ் என்ற மிக மெல்லிய நரம்பு, துல்லியமான வீச்சு இல்லாமல் எதுவும் எடுக்காது. முதன்முதல் கம்பு பிடிக்கிறவர் இங்கே போனால் பகல் முழுக்க மேலே எழும் மீனைப் பார்த்துக்கொண்டே வெறுங்கையோடு திரும்புவார். படகோடு வழிகாட்டி வைத்தால் நாளுக்கு 500 டாலருக்கு மேல் ஆகும், இனாம் தனி. பிள்ளைகள் கொடுக்கிறார்கள் என்பதால் அது செலவில்லை என்று ஆகிவிடாது.

உரிமம் இணையத்திலேயே ஒரு நாளுக்கும் ஏழு நாளுக்கும் வாங்கலாம். நியூயார்க் மாநில ஓடைகளில் பொது விதிப்படி அக்டோபர் 15 வரை குறிப்பிட்ட அளவு மீனை வைத்துக்கொள்ளலாம், அதற்குப்பின் மார்ச் முடியப் பிடித்து விட மட்டும்தான் அனுமதி. ஆற்றுக்கு ஆறு விதி மாறும், மாநில எல்லையில் ஓடும் நீரில் இன்னும் மாறும். வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | கண்மாய் | நீலகிரி | தீர்த்தன் | டெலவேர் |
|---|---|---|---|---|
| மீன் | வெளிச்சி, ஜிலேபி, விரால் | ரெயின்போ டிரவுட் | பிரவுன் டிரவுட் | பிரவுன், ரெயின்போ டிரவுட் |
| நல்ல நாட்கள் | முதல் இடிமழைக்குப் பின், பெருவரத்துக்கு முன் | இரு மழைக்கும் இடையில், உறுதியில்லை | செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் 20 வரை | செப்டம்பர், அக்டோபர் முழுதும் |
| பூச்சி | ஈசல், கடிக்காத கொசு, தட்டான் | தட்டான் குஞ்சு | பேட்டிஸ், கேடிஸ், வெட்டுக்கிளி | டிரைக்கோ, ஆலிவ், ஐசோனிக்கியா, எறும்பு |
| முள் எண் | 12–16 | 8–12 | 12–20 | 12–24 |
| அனுமதி | குத்தகைதாரர், ஊர் | பல துறைகள், சிக்கல் | நாள் உரிமம், எளிது | இணைய உரிமம், எளிது |
| கண்ணில் படாத செலவு | முள்மரம், வெப்ப லைன் | வீணாகும் நாட்கள் | நான்கு நாள் பயணம், சாலை | வழிகாட்டி |
| கற்கிறவருக்கு | மிக நன்று | கடினம் | நன்று | கடினம் |

## யாருக்கு எது

கம்பு புதிது, கை புதிது என்றால் இந்தப் புரட்டாசியில் கண்மாய்தான். சந்தேகமே வேண்டாம். சாயங்காலம் 5 மணிக்குக் கிளம்பினால் 6 மணிக்குள் வீசிக்கொண்டிருக்கலாம், வாரம் மூன்று நாள் போகலாம். பிள்ளைகளைக் கூட்டிப் போவதற்கும் இதைவிட நல்ல இடம் இல்லை. ஈசலைப் பார்த்து, காற்றைப் பார்த்து, மீன் எங்கே எழுகிறது என்று பார்த்து வீசப் பழகியவர் எந்த ஆற்றிலும் அதையேதான் செய்யப் போகிறார்.

ஓரளவு வீச வரும், எட்டு நாள் விடுப்பும் பணமும் உண்டு என்றால் தீர்த்தன். ஐந்து நாள்தான் விடுப்பு என்றால் போகாதீர்கள். பணத்தைச் சேர்த்து வைத்து அடுத்த வருடம் பாருங்கள், அல்லது ஏப்ரலுக்குத் தள்ளுங்கள். அமெரிக்கா போகிறவர் டெலவேரில் ஒரு நாளாவது ஒதுக்குங்கள். ஆனால் அதற்குமுன் ஊரில் ஒரு மாதமாவது பொட்டலில் வீசிப் பழகிவிட்டுப் போங்கள்.

சாமான் விஷயத்தில் நான்கு இடத்துக்கும் ஒரே கம்பு போதும். 9 அடி, 5 வெயிட் (எந்தக் கனத்து லைனுக்கான கம்பு என்பதைச் சொல்லும் எண்), நான்கு துண்டாகப் பிரியும் வகை. விமானத்திலும் மதுரை பஸ்ஸிலும் அடங்கும். ரீல், லைனோடு சேர்த்து ஆரம்ப நிலைத் தொகுப்பு 8,000 முதல் 10,000 ரூபாய் வாக்கில் கிடைக்கும். லைன் மட்டும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், வெப்பத்துக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. நூறு ரூபாய்த் தெர்மாமீட்டர் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

தீர்த்தன் என்று முடிவு செய்தவர்கள் ஆகஸ்டிலேயே டெல்லி டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். ஆயுத பூஜை வாரத்தில் விலை ஏறிவிடும். செப்டம்பர் 25க்கு முந்தைய தேதி வேண்டாம், அக்டோபர் 20க்குப் பிந்தையதும் வேண்டாம்.